படுத்தால்தான் கார்டு

எங்கள் தாத்தாவுக்கு மருத்துவக் காப்பீடு கிடையாது. அதனால் பிசியோதெரபி அவரைத் தேடி வீட்டுக்கு வந்தது. எனக்கும் என் மனைவிக்கும் காப்பீடு உண்டு. மாதம் 497 ரூபாய் பென்ஷனில் பிடித்துக்கொண்டார்கள். அதனால் பிசியோதெரபியைத் தேடி நாங்கள் திருச்சி முழுக்க அலைந்தோம்.

1973-ல் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். முசிறிப் பக்கம் எங்கள் ஊர். கோரை ஏற்றிவந்த பாரவண்டி வாய்க்கால் கரையில் குடைசாய்ந்து, தாத்தாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்துபோனது. திண்ணையில் கிடத்தியதும் ஆளுக்கொரு யோசனை. மாமா ஒருவர் புத்தூருக்குக் கொண்டுபோகலாம் என்றார். திருச்சிக்காரர்களுக்குப் புத்தூர் என்றால் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற பேட்டை. மாமா சொன்னது ஆந்திரத்துப் புத்தூர். எலும்பு முறிந்தால் அங்கே போய்த்தான் கட்டுப் போடுவேன் என்று ரயிலேறுகிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பாட்டி இரண்டு புத்தூரையும் ஒரே பேச்சில் தள்ளுபடி செய்தாள். "கால் ஒடிஞ்ச மனுஷனத் தூக்கிட்டு ரயிலுக்கு ஓட இங்க யாருக்குக் கால் இருக்கு?" ஆள் போய், பொழுது சாய்வதற்குள் தொட்டியம் பக்கத்திலிருந்து கட்டு வைத்தியர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

அவர் பெயர், ஊர், வயசு எதையும் தாத்தாவிடம் கேட்கவில்லை. அட்டை எதுவும் கேட்கவில்லை. கட்டை விரலை முழங்காலிலிருந்து கணுக்கால் வரை ஓட்டினார், கண்ணை மூடிக்கொண்டு. ஓரிடத்தில் விரல் நின்றது. "துண்டக் கடிச்சுக்குங்க" என்றார். தாத்தா கடித்தார். என்ன நடந்தது என்று பார்க்க விடாமல் சின்னப் பிள்ளைகளை வெளியே துரத்திவிட்டார்கள். திரும்பி வந்தபோது முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தமாவும் குழைத்த பத்து, அதன்மேல் பழைய வேட்டித்துணி, சுற்றிலும் மூங்கில் சிம்பு. தாத்தா வெற்றிலை கேட்டுக்கொண்டிருந்தார்.

இதுவரை நடந்தது எலும்பு வைத்தியம். நான் சொல்ல வந்தது கட்டுப் பிரித்த பிறகு நடந்தது. கால், வற்றிப்போன அவரைக்காய் மாதிரி இருந்தது. முழங்கால் மடங்கவில்லை. வைத்தியர் அப்போதும் வந்தார். எண்ணெய் போட்டு மேலிருந்து கீழே நீவினார். ஆற்றுமணலை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கப் பாட்டிக்குக் காட்டிக்கொடுத்தார். திண்ணை உத்தரத்தில் கிணற்று உருளையைத் தொங்கவிட்டு, கயிற்றின் ஒரு நுனியைத் தாத்தாவின் பாதத்திலும் மறு நுனியைக் கையிலும் கொடுத்து, "நீங்களே இழுங்க, நீங்களே விடுங்க" என்றார். கொஞ்சம் தேறியதும் வாய்க்கால் படித்துறையில் உட்கார்ந்து தண்ணீருக்குள் காலை ஆட்டச் சொன்னார். உலக்கையைத் தரையில் போட்டுப் பாதத்தால் முன்னும் பின்னும் உருட்டச் சொன்னார். எல்லாம் முடிந்து தாத்தா கம்பூன்றி வாசலுக்கு வந்த அன்று, தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒன்னேகால் ரூபாய், கூடவே ஒரு மரக்கால் நெல். வைத்தியர் நெல்லை மட்டும் அளந்து பார்த்துக்கொண்டார்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. தாத்தாவின் வலது கால் இடது காலைவிடக் குட்டையாகவே நின்றுபோனது. சாகும்வரை சாய்ந்து சாய்ந்துதான் நடந்தார். எங்கள் தெருவிலேயே ஒரு பையனுக்குக் கையில் கட்டு இறுகிப்போய், விரல்கள் கறுத்து, கடைசியில் திருச்சியில் கையை எடுக்க வேண்டி வந்தது. அந்தக் கட்டுக்கும் ஒன்னேகால் ரூபாய்தான். கேட்பார் கிடையாது, கேஸ் கிடையாது.

அதற்கும் முன்பே, 1954-ல், வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் கார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு இழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி வந்து, வேலூரில் அதற்கென்று ஒரு துறையை நடத்தினார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையமே திறந்தார்கள். ஆபரேஷன் முடிந்த பிறகுதான் பாதி வைத்தியம் ஆரம்பிக்கிறது என்பதை ஒரு நோயாளி டாக்டரே நடத்திக் காட்டிய மாநிலம் இது. அந்தச் சேதி காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

நான் வேலை பார்த்தது கருவூலத் துறையில். அதனால் காப்பீடு வருவதற்கு முந்தைய யுகமும் எனக்குத் தெரியும். அதற்கு மெடிக்கல் ரீஇம்பர்ஸ்மென்ட் என்று பெயர். கையிலிருந்து கட்டிவிட்டு, பில்லை மூன்று பிரதி எடுத்து, இந்த மருந்து இல்லாமல் முடியாது என்று டாக்டரிடம் எசென்ஷியாலிட்டி சர்டிபிகேட் வாங்கி, அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்து டவாலி ஒருவர் தோள்பட்டை இறுகிப்போய் "கரண்ட் வச்ச" செலவுக்கு பில் போட்டார். மருந்து எங்கே, பாட்டில் எங்கே, ஊசி எங்கே என்று கேட்டு மேலிருந்து திரும்பி வந்துவிட்டது. தோளைத் தூக்கிக் காட்டி, "இதுதாங்க மருந்து" என்று அவர் சொன்னதை அலுவலகமே ரசித்தது. பணம் வரவில்லை.

2008-ல் அரசு ஊழியர்களுக்குக் காப்பீடு வந்தது. மாதம் 25 ரூபாய் பிடித்தம், நான்கு வருடத்துக்கு 2 லட்சம். 25 ரூபாய்க்கு இரண்டு லட்சமா என்று நாங்கள் வாயைப் பிளந்தோம். அடுத்த வருடம், 2009 ஜூலையில், ஏழைக் குடும்பங்களுக்கு கலைஞர் காப்பீட்டுத் திட்டம். ஆட்சி மாறிய பிறகு, 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக ஆனது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தும் அதோடு சேர்ந்துகொண்டது. பென்ஷன்காரர்களுக்கு 2014-ல் மாதம் 150 ரூபாயில் ஆரம்பித்து, 2018-ல் 350 ஆகி, 2022 ஜூலை முதல் 497. இதற்கு நான்கு ஆண்டுக்கு 5 லட்சம். ஆட்சிகள் மாறின, அட்டையின் நிறம் மாறியது, தொகை ஏறியது. எல்லா அட்டைக்கும் பொதுவாக ஒரு விதி மட்டும் அசையவே இல்லை: நோயாளி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். கண்புரை, டயாலிசிஸ் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. மற்றபடி, படுத்தால்தான் கார்டு.

நிற்க வைப்பதற்கென்றே இருக்கிற வைத்தியத்துக்கு இந்த விதி எப்படிப் பொருந்தும் என்று முப்பது வருஷம் ரூல் பார்த்துப் பழகிய எனக்கு முன்கூட்டியே தோன்றியிருக்கலாம்தான். ஆனால் பிறத்தியார் ரூல் வேறு, நம் முட்டி வேறு. அதுவும் மனைவியின் முட்டி.

அவளுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து, இடது முட்டி நடக்கவே விடாமல் செய்ததும், பட்டியலில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் முட்டி மாற்று அறுவை. அந்தக் கட்டம் வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. பென்ஷன் புத்தக நகல், கார்டு, போட்டோ, எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். "ப்ரீ-ஆத் வந்துடுச்சு சார்", அதாவது கம்பெனியின் முன் அனுமதி வந்துவிட்டது என்று காப்பீட்டு டெஸ்க்கில் இருந்த பெண், பரீட்சை முடிவு சொல்கிற சந்தோஷத்தோடு சொன்னாள். ஒரு பெரிய எந்திரம் நமக்காகச் சரியாகச் சுற்றுகிறது என்ற திருப்தியில் நான் காபி குடிக்கப் போனேன். ஆபரேஷன் ஆன மறுநாளே வாக்கரைப் பிடித்து அவளை நிறுத்திவிட்டார்கள். கூட நின்ற பிசியோ பையன், "அம்மா, வலிக்கும். வலிச்சாத்தான் மடங்கும்" என்றான். நான்கைந்து நாளில் டிஸ்சார்ஜ்.

டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரி: பிசியோதெரபி, தினமும், ஆறு வாரம்.

"இதுக்கும் கார்டு உண்டுல்லம்மா?" என்று டெஸ்க் பெண்ணிடம் கேட்டேன்.

"அது ஓ.பி.ல வரும் சார். ஓ.பி.க்கு கார்டு எடுக்க மாட்டோம்."

"ஆபரேஷன் இங்கதானே பண்ணீங்க?"

"ஆபரேஷன் ஐ.பி. சார்."

படுத்திருந்தால் ஐ.பி., வந்துபோனால் ஓ.பி. அதற்கு மேல் பேச இடமில்லை. ஒரே முட்டிதான். பேண்டேஜ் போடும்வரை ஐ.பி., பிரித்த பிறகு ஓ.பி.

சரி, வேறு எங்காவது எடுப்பார்கள் என்று பட்டியலைப் பார்த்தேன். மாவட்டவாரியாக மருத்துவமனை, எதிரே எந்தெந்த வைத்தியத்துக்கு அங்கீகாரம் என்று வரிசை. எலும்பு, இதயம், கண், சிறுநீரகம், காது மூக்கு தொண்டை. ஸ்கேல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக இறங்கினேன், பழைய பழக்கம். பிசியோதெரபிக்குக் கட்டமே இல்லை. கட்டணமில்லாத் தொலைபேசிக்குப் போட்டேன். தமிழுக்கு ஒன்று, பென்ஷன்தாரருக்கு இன்னொன்று என்று அழுத்தி அழுத்தி, கடைசியில் மனிதக் குரல் வந்தது.

"என்ன ப்ரொசீஜர் சார்?"

"முட்டியை மடக்கணும், நீட்டணும்."

"அது சர்ஜரியா சார், டே கேரா சார்?"

"மடக்கணும், நீட்டணும், அவ்வளவுதாங்க."

"அட்மிஷன் எத்தனை நாள் சார்?"

அவர் மரியாதையாகத்தான் பேசினார். அவர் முன்னால் இருந்த திரையில் நான் கேட்டதை நிரப்ப ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

பிறகு தில்லைநகர். டாக்டர்களுக்கும் ஸ்கேன் சென்டர்களுக்கும் என்றே குறுக்குத் தெருக்கள் அமைந்த பேட்டை அது. போர்டுகளில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்', பின்னால் அடைப்புக்குறிக்குள் 'பி.டி.'. இந்த 'டாக்டர்' பட்டம் 2025 செப்டம்பரில் டில்லி வரை போய் ஒரு நாள் கூத்தாக முடிந்தது. பிசியோதெரபிஸ்ட்கள் டாக்டர் என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று சுகாதார சேவைகள் இயக்குநரகம் கடிதம் எழுதி, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. போட்டுக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. பிளஸ் டூவுக்குப் பிறகு நாலரை வருஷம் படித்துவிட்டு வந்தவர்கள். என் ஆட்சேபணை, அவர்கள் கிளினிக்கை வைக்கிற மாடியைப் பற்றி.

நாங்கள் பார்த்தவற்றில் பெரும்பாலானவை முதல் மாடி. கீழே மருந்துக் கடையோ மொபைல் கடையோ இருக்கும். பக்கத்தில் ஒரு ஆள் நுழையும் அகலத்தில் படிக்கட்டு. வாடகை குறைவு என்பது காரணம், புரிகிறது. வாக்கரோடு கீழே நின்றுகொண்டு மனைவி மேலே பார்த்தாள். நான் மட்டும் ஏறிப்போய்க் கேட்டேன்.

"லிஃப்ட் இருக்குங்களா?"

"இல்லை சார். மெதுவா ஏறி வந்துடலாம். அதுவே நல்ல எக்சர்சைஸ்."

"கார்டு?"

"எந்தக் கார்டும் எடுக்கறதில்ல சார். ஜி-பே இருக்கு. ஒரு சிட்டிங் 400. வீட்டுக்கு வந்தா 600."

உள்ளே எட்டிப் பார்த்தேன். கூரையிலிருந்து ஒரு உருளை தொங்கியது. கயிற்றின் ஒரு பிடியை ஒரு பெரியவர் கையில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார், மறு பிடி அவருடைய இறுகிப்போன கையில். சுவரோரம் ஒருவர் முதுகில் சூடான பையை வைத்துக் குப்புறக் கிடந்தார். இன்னொருவர் ஸ்டூலில் உட்கார்ந்து உருளைக் கட்டையைப் பாதத்தால் உருட்டிக்கொண்டிருந்தார். எங்கள் திண்ணையை முதல் மாடிக்குத் தூக்கிவந்து ஏ.சி. போட்டிருந்தார்கள். மணலுக்குப் பதில் ஜெல், உலக்கைக்குப் பதில் தேக்கு. மரக்கால் நெல் மட்டும் 400 ரூபாய் ஆகியிருந்தது.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. காப்பீட்டுக் கம்பெனியின் பக்கம் இருந்து யோசித்தால் கணக்கு எளிது. முட்டி மாற்று என்றால் ஒரு பேக்கேஜ், ஒரு ப்ரீ-ஆத், ஒரு பில். பிசியோ என்றால் 400 ரூபாய் பில் முப்பது. ஒவ்வொன்றையும் ஒருவர் திறந்து பார்த்து, ஆள் உண்மையில் வந்தாரா, காலை மடக்கினாரா என்று சரிபார்த்துப் பணம் அனுப்பும் செலவு பில்லைவிட ஜாஸ்தி. மாடிக் கிளினிக்காரருக்கோ, பணம் மாசக்கணக்கில் கழித்து வந்தால் வாடகை எப்படிக் கொடுப்பது? இருவருக்கும் நியாயம் இருக்கிறது. நியாயமெல்லாம் அவர்களிடம் போய்விட்டதால் எங்களிடம் முட்டி மட்டும் மிஞ்சியது.

ஒரே ஒரு இடத்தில் கார்டு எடுப்பதாகச் சொன்னார்கள். சின்ன மருத்துவமனை, பெயர் வேண்டாம். மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "மூணு நாள் அட்மிட் பண்ணிடலாம் சார். முட்டில வீக்கம், வலின்னு போட்டுக்கலாம். பெட்ல வச்சே பிசியோ குடுத்துடறோம். உங்களுக்குக் கைக்காசு போகாது."

மனைவி கேட்டாள்: "நடக்கறதுக்குத்தான் வந்திருக்கேன். மறுபடியும் எதுக்குப் படுக்கச் சொல்றீங்க?"

"படுத்தாத்தாம்மா கார்டு" என்றார் அவர்.

இந்த விவகாரத்தில் மனைவியின் கட்சி எப்போதும் தெளிவு. வாக்கரைத் திருப்பிவிட்டாள்.

இதிலே இன்னொரு விநோதம் ஆபரேஷன் செய்த டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. பிசியோ ஒழுங்காகச் செய்யாவிட்டால் முட்டிக்குள் தழும்பு இறுகி, மூட்டு பாதியில் நின்றுவிடுமாம். அப்படி நின்றால் ஆளைச் சேர்த்து, மயக்க மருந்து கொடுத்து, டாக்டர் பலத்தோடு முட்டியை மடக்கிவிடுவாராம். அதற்கு அட்மிஷன் உண்டு, தியேட்டர் உண்டு, மயக்க மருந்து டாக்டர் உண்டு. கார்டுக்குப் புரிகிற பாஷை. விழித்திருக்கும்போது மடக்கினால் கைக்காசு, மயங்கியிருக்கும்போது மடக்கினால் காப்பீடு.

எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மா இந்த அலைச்சலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரிடம் இருப்பது முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறார். அவருடைய வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தபோது, அந்த அட்டையில்தான் கம்பி வைத்தார்கள். ஒரு பைசா செலவில்லை என்று இன்றும் சொல்வார். கம்பி வைத்த கால் அதற்குப் பிறகு சரியாக மடங்கவில்லை. மனிதர் இப்போது சாரம் ஏறுவதில்லை, வாட்ச்மேன் வேலைக்குப் போகிறார்.

"உங்க கார்டுக்கும் இல்லைன்னுட்டாங்களாம்மா?" என்று மனைவியைக் கேட்டார். அந்தக் குரலில் அனுதாபம்தான் முக்கால்வாசி. "நான் எங்க கார்டுக்குத்தான் அப்படின்னு நினைச்சேன்."

வழி சொன்னவரும் அவர்தான். "பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. அங்க கார்டே கேக்க மாட்டாங்க."

ஆகக் கடைசியில் நாங்களும் ஒரு புத்தூருக்குத்தான் போனோம். ஓ.பி. சீட்டு வாங்கினோம், பிசியோ பிரிவு எங்கே என்று கேட்டுக்கொண்டு போனோம். கட்டணம் கிடையாது. திருச்சியில் அரசு பிசியோதெரபிக் கல்லூரி இருப்பது இந்த ஊருக்கு வாய்த்த பெரிய கொடுப்பினை என்று இப்போது சொல்கிறேன். இத்தனை வருஷம் அந்தப் பக்கம் பஸ்ஸில் போய்வந்திருக்கிறேன், திரும்பிப் பார்த்ததில்லை. வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள். பக்கத்தில் கூட்டம்: சாரத்திலிருந்து விழுந்தவர்கள், பைக்கில் விழுந்தவர்கள், பக்கவாதத்தில் கை மடங்கியவர்கள், அம்மாவின் இடுப்பிலிருந்து இறங்காத, கழுத்து நிற்காத குழந்தைகள். பென்ஷன்காரர்கள் குறைவு. எங்களைப் போன்றவர்கள் எல்லோரும் தில்லைநகர் மாடிப்படிகளில் இருப்பார்கள்.

மனைவியைப் பார்த்துக்கொண்ட பெண்ணிடம் ஒரு பிளாஸ்டிக் கோணமானி இருந்தது. பள்ளிக்கூடத்தில் நாம் வைத்திருந்த அரைவட்டத்துக்கு இரண்டு கை முளைத்த மாதிரி ஒரு கருவி. ஒரு கையைத் தொடையோடும் மறு கையைக் கெண்டைக்காலோடும் ஒட்டவைத்து, முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று பாகையில் படிப்பாள். முதல் நாள் 65. "90 வந்தாத்தான் நாற்காலில நல்லா உக்கார முடியும் பாட்டி. படி ஏறி இறங்க இன்னும் மேல வரணும்." பாட்டி என்றதில் மனைவிக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனாலும் பிடிவாதக்காரி. குதிகாலைப் பின்னால் இழுத்து, பல்லைக் கடித்து, கண்ணில் நீர் முட்ட, பத்து எண்ணும்வரை பிடித்து நிறுத்துவாள். அந்தப் பெண் வேண்டுமென்றே மெதுவாக எண்ணுவாள். "ஏழு... ஏழு... எட்டு..." 90 வந்த அன்று இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அதில் செய்தது ஒன்றுமில்லை, ஆட்டோ பிடித்ததைத் தவிர. ஆட்டோவுக்கு ஆனது தனிக்கதை.

கார்டு இல்லாத சௌகரியம் எப்படிப்பட்டது என்று முழுசாகப் புரிந்தது ஊருக்குப் போனபோதுதான். அக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அவளிடம் பென்ஷன் கிடையாது. காப்பீட்டு அட்டை எடுக்க வருமானச் சான்று வாங்கவேண்டும் என்று மருமகன் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நான் போயிருந்த சமயம் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. ஒரு பெண் இறங்கி, "கைய நீட்டுங்கம்மா" என்று உரிமையோடு உள்ளே வந்தாள். மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு, நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோவும் கொடுக்கிறார்கள். அண்டாவில் பச்சைப்பயறைக் கொட்டி, அதற்குள் அக்காவின் கையை விட்டு, "துழாவுங்க, துழாவுங்க, அடியில ஒரு காசு போட்டிருக்கேன், எடுங்க" என்றாள். அக்கா காசை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அது அந்தப் பெண்ணின் காசு.

குறை இல்லாமல் இல்லை. வட்டாரம் முழுக்கச் சுற்றுவது ஒரே ஆள். இன்று வந்தால் திரும்ப எப்போது வருவாள் என்பது மற்ற ஊர்களின் கைகால்களைப் பொறுத்தது. நடுவில் மருமகள் பார்த்துச் செய்தால் உண்டு. அதற்காகத்தான் ஒவ்வொரு பயிற்சியையும் மருமகளைச் செய்யவைத்துப் பார்த்துவிட்டுப் போகிறாள், வறுத்த மணலைப் பாட்டி கையில் கொடுத்துப் பார்த்த வைத்தியரைப் போலவே.

வண்டி போன பிறகு அக்கா கேட்டாள்: "ஏன் தம்பி, உனக்குத்தான் பென்ஷன் இருக்கு, கார்டு இருக்கு. உன் பொண்டாட்டிக்கு வீட்டுக்கு யாரும் வரமாட்டாங்களா?"

"நாங்க பணம் கட்டறவங்கக்கா" என்றேன்.

பென்ஷனர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசினேன். அகவிலைப்படி அரியருக்கு நடுவே ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். கருவூலக்காரன் என்பதால் கணக்கோடு போயிருந்தேன். மாதம் 497 என்றால் நான்கு வருடத்துக்கு 23,856 ரூபாய் ஒருவரிடம் பிடிக்கிறார்கள். சிட்டிங் 400 வீதம், வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம் என்றால் 12,000. ஒரு முட்டிக்கு ஆகும் பிசியோ செலவு, ஒருவர் கட்டும் மொத்தத்தில் ஏறக்குறைய பாதி. இதைத் தனித்தனி பில்லாகப் பார்க்கச் சொல்லிக் கம்பெனியைத் தொந்தரவு செய்ய வேண்டாம். முட்டி மாற்று, இடுப்பு மாற்று, எலும்புக்குக் கம்பி வைப்பது என்று எந்தப் பேக்கேஜ் கொடுத்தாலும், ஆறு வாரப் பிசியோவை அந்தப் பேக்கேஜுக்குள்ளேயே ஒரே தொகையாகச் சேர்த்து, ஆபரேஷன் செய்த மருத்துவமனையின் பொறுப்பில் விட்டால் போதும். நோயாளி வந்தாரா என்பதற்கு ஆதாரம் வேண்டுமென்றால் கோணமானி இருக்கிறது. 65-ல் போனவர் 110-ல் திரும்பினால் அதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? தலைவர் குறித்துக்கொண்டார். டீ வந்துவிட்டது.

ஆகவே அரசுக்கும் சங்கத்துக்கும் என் விண்ணப்பம் இதுதான்: அடுத்த காப்பீட்டு ஒப்பந்தத்தை எழுதும்போது இந்த ஒரு வரியைச் சேருங்கள், ஏழைகளின் காப்பீட்டு அட்டைக்கும் சேர்த்தே எழுதுங்கள். அதுவரை, முட்டி மாற்றிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னைப்போல் பட்டியலையும் ஸ்கேலையும் வைத்துக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியையும் எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனையின் பிசியோ பிரிவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். நடக்கவே முடியாதவர் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.